கொசுறை எந்தக் கட்டத்தில் போடுவது?

(கோவில்பட்டியில் ஒரு கடலைமிட்டாய்க் கடை. மதிய நேரம். பின்கட்டில் பாகு கொதிக்கிறது. கல்லாவில் அண்ணாச்சி. வாரத்துக்கு இரண்டு நாள் கணக்கு எழுத வரும் செல்வி லேப்டாப்போடு உட்கார்ந்திருக்கிறாள்.)

அண்ணாச்சி: தாயி, பெங்களூரில் இருக்கிற என் மச்சான் மகன் ஆன்லைனில் கடை போடச் சொல்கிறான். ஏதாவது ஒரு சாப்ட்வேரைப் போட்டு முடி. இன்று நாள் நல்லா இருக்கிறது.

செல்வி: எந்த சாப்ட்வேர் அண்ணாச்சி?

அண்ணாச்சி: எது இலவசமோ அது.

செல்வி: ஆன்லைன் கடை போடுகிற வூகாமர்ஸ் இலவசம்தான். இணையதளம் கட்டுகிற வேர்ட்பிரஸ்ஸில் அதைச் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் கடைப் பெயருக்கு, அதுதான் டொமைன், வருஷா வருஷம் பணம். இணையத்தில் கடை இருக்கிற இடத்துக்கு, அதுதான் ஹோஸ்டிங், பணம். மக்கர் பண்ணினால் வந்து பார்க்கிற பையனுக்குப் பணம்.

அண்ணாச்சி: அப்புறம் அதில் என்னதான் இலவசம்?

செல்வி: வூகாமர்ஸ்.

அண்ணாச்சி: ஷாப்பிஃபை என்று இன்னொன்று சொன்னான். ஆரம்பத்தில் சும்மா கொடுத்துப் பார்க்கச் சொல்வார்களாமே.

செல்வி: கனடா கம்பெனி. சும்மா கொடுக்கிற நாள் முடிந்ததும் மாதாமாதம் வாடகை.

அண்ணாச்சி: அட, நம்ம வித்தை! நானும் வாசலில் நிற்கிறவனுக்கு ருசி பார்க்க ஒரு துண்டு கொடுப்பேன். வாயில் போட்டவன் அரைக் கிலோ வாங்காமல் நகர்ந்ததே இல்லை. கனடாக்காரன் விவரமானவன். நமக்கு வேண்டாம்.

செல்வி: ஜோஹோ இருக்கிறது. கணக்குக்கு ஜோஹோ புக்ஸ், கடைக்கு ஜோஹோ காமர்ஸ். தென்காசி பக்கம் மத்தளம்பாறையில் அவர்களுக்கு ஆபீஸ் உண்டு.

அண்ணாச்சி: தென்காசியா! சங்கரன்கோவில் வழியாகப் பஸ் ஏறினால் நேரில் போய் விலை பேசிவிடலாமே. கையில் நாலு பாக்கெட் மிட்டாய் கொண்டுபோனால் குறைக்காமலா இருப்பார்கள்?

செல்வி: போட்ட விலைதான் அண்ணாச்சி.

அண்ணாச்சி: போட்ட விலைக்கு வாங்குகிறவனைப் பார்த்தால் எனக்கே பாவமாக இருக்கும். சரி, நம்மிடம் கணக்கு எழுதுகிற டாலி சாப்ட்வேர் இருக்கிறதே. 1986-ல் வந்தது, ஆடிட்டர் ஆபீசிலும் அதுதான் ஓடுகிறது. அதையே வைத்துச் சமாளிக்க முடியாதா?

செல்வி: திறந்து காட்டுகிறேன், நீங்களே பாருங்கள். கடலைமிட்டாய் இருப்பு, மைனஸ் 340 கிலோ.

அண்ணாச்சி: இல்லாத மிட்டாயை எப்படித் தாயி விற்றேன்?

செல்வி: கடலை இருப்பு, நாலு டன்.

அண்ணாச்சி: (எழுந்து) நாலு டன்னா! பின்கட்டில் நாலு மூட்டைகூட இல்லையே. எவன் அள்ளிக்கொண்டு போனான்?

செல்வி: யாரும் அள்ளவில்லை, மிட்டாயாகிவிட்டது. கடலை வாங்கின பில் தந்தீர்கள், மிட்டாய் விற்ற பில் தந்தீர்கள். நடுவில் அடுப்பில் நடந்ததை எனக்கு யார் சொன்னது? இவ்வளவு கடலை, இவ்வளவு வெல்லம் போட்டு இவ்வளவு மிட்டாய் எடுத்தோம் என்று தினமும் ஒரு சீட்டு வந்தால், கடலையைக் குறைத்து மிட்டாயை ஏற்றுகிற பதிவு, அதுதான் ஸ்டாக் ஜர்னல், போட்டுவிடுவேன்.

அண்ணாச்சி: பாகுப் பதம் பார்க்கிறவன் கையில் பேனாவைக் கொடுத்தால் இரண்டும் கெட்டுப்போகும்.

செல்வி: டாலி ஒரு தடவை எச்சரித்துவிட்டு, போனால் போகிறது என்று மைனஸில் விற்கவிடும். ஆன்லைன் கடை அப்படி விடாது. இருப்பு பூஜ்யம் என்றால் "ஸ்டாக் இல்லை" என்று பலகை மாட்டிவிடும். அடுக்கில் மிட்டாய் குவிந்திருந்தாலும் அதற்குத் தெரியாது.

அண்ணாச்சி: (யோசித்து) சீட்டு வரும். நான் எழுதுகிறேன். முதல் பார்சல் மச்சான் மகனுக்கே போகட்டும்.

செல்வி: பெங்களூருக்கு விற்க முடியாது.

அண்ணாச்சி: ஏன், கொரியர் எடுக்க மாட்டானா?

செல்வி: நீங்கள் ஜிஎஸ்டியில் சின்னக் கடைகளுக்கான காம்போசிஷன் திட்டத்தில் இருக்கிறீர்கள். விற்றதில் 1 சதவீதம், மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கட்டிவிட்டு நிம்மதியாக இருக்கலாம். ஆனால் அதில் இருக்கிறவர் வேறு மாநிலத்துக்கு விற்கக் கூடாது.

அண்ணாச்சி: சொந்தக்காரனுக்குமா?

செல்வி: காசு வாங்கினால் கூடாது.

அண்ணாச்சி: அவன் இதுவரை காசே கொடுத்ததில்லையே!

செல்வி: அப்படியானால் இதுவரை சட்டப்படிதான் நடந்திருக்கிறோம்.

(அண்ணாச்சி பெருமூச்சு விடுகிறார்.)

செல்வி: காம்போசிஷனை விட்டு வெளியே வந்து சாதாரண ஜிஎஸ்டிக்கு மாறவேண்டும். கடலைமிட்டாய்க்கு 5 சதவீதம். சென்னைக்குப் போனால் மத்திய அரசுக்கு இரண்டரை, மாநிலத்துக்கு இரண்டரை. பெங்களூருக்குப் போனால் ஐஜிஎஸ்டி என்று ஒரே 5. எந்த ஊர் முகவரி என்று பார்த்து சாப்ட்வேரே பிரித்துப் போட வேண்டும். இலவசமா என்று கேட்பதற்கு முன்னால் இதைக் கேட்டிருக்க வேண்டும்.

அண்ணாச்சி: டாலி பிரிக்காதா?

செல்வி: பிரிக்கும். ஆனால் கடை ஓரிடம், கணக்கு ஓரிடம் என்று இருந்து, இரண்டும் பேசிக்கொள்ளவில்லை என்றால், ஒவ்வொரு ஆர்டரையும் நான் மறுபடி உட்கார்ந்து அடிக்க வேண்டும். இணைக்க வழி இருக்கிறது, அதற்குத் தனியாகச் செலவு. இல்லையென்றால் என் சம்பளத்தை ஏற்றுங்கள், நானே அடிக்கிறேன்.

அண்ணாச்சி: எவ்வளவு கேட்பாய்?

செல்வி: ஜோஹோ கேட்கிறதைவிட அதிகம்.

அண்ணாச்சி: ஜோஹோவையே போடு.

(கடைக்கு ஒரு பாட்டி வருகிறார். கால் கிலோ. அண்ணாச்சி கட்டிக் கொடுத்துவிட்டு, மேலே இரண்டு துண்டு வைக்கிறார். கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2020-ல். இந்த இரண்டு துண்டு அண்ணாச்சியின் அப்பா காலத்து வழக்கம்.)

அண்ணாச்சி: ஆமாம், ஆன்லைனில் கொசுறை எந்தக் கட்டத்தில் போடுவது?

செல்வி: கொசுறுக்குக் கட்டம் இல்லை.

அண்ணாச்சி: கட்டம் இல்லாமலா கடை கட்டியிருக்கிறான்!

செல்வி: சாதாரண ஜிஎஸ்டிக்கு மாறிவிட்டால் வாங்குகிற கவருக்கும் அட்டைப்பெட்டிக்கும் கட்டின வரியைக் கழித்துக்கொள்ளலாம். ஆனால் சும்மா தூக்கிக் கொடுக்கிற சரக்குக்கு அந்தக் கழிவு கிடையாது. "இதை வாங்கினால் இது சேர்ந்து வரும்" என்று பில்லிலேயே போட்டு விற்றால் பிரச்சினை இல்லை.

அண்ணாச்சி: சொல்லிக் கொடுத்தால் அது கொசுறா தாயி? வாங்குகிறவர் பார்க்கிறபோது கை தன்னால் போகவேண்டும்.

செல்வி: கை போகிற மாதிரி சாப்ட்வேர் இன்னும் வரவில்லை. வேண்டுமானால் தள்ளுபடிக் கூப்பன் போடலாம். "அண்ணாச்சி10" என்று அடித்தால் 10 சதவீதம் குறையும்.

அண்ணாச்சி: முதலிலேயே 10 சொல்லாதே, 15 கேட்பான். "அண்ணாச்சி5" என்று போடு. கேட்டால் ஏற்றிக் கொடுப்போம்.

செல்வி: ஆன்லைனில் யாரிடம் போய்க் கேட்பார்கள்?

அண்ணாச்சி: புகார் சொல்வதற்கு ஒரு போன் நம்பர் கட்டாயம் போட வேண்டும் என்று அன்றைக்கு நீதானே சொன்னாய்? அதில் என் நம்பரைப் போடு.