காட்டாமல் விட்ட சிவப்பு அட்டை

அந்தப் பெண்ணின் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. தெரிந்தவர்களுக்குத் தெரியும். தெரியாதவர்கள் தேட வேண்டாம், பெயரைத் தட்டினால் இன்றைக்கும் வந்து நிற்பது, கால்பந்து மைதானத்தில் அவள் எதிராளியின் சடையை இழுக்கும் அந்த ஒரு காணொளிதான். போன வாரம் எங்கள் ஊர்க்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் அதை மறுபடி போட்டு, "பொம்பளைங்க ஃபுட்பால் ஆடினா குழாயடிச் சண்டைதான்" என்று எழுதியிருந்தார். கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். என் மகள் இங்கே அமெரிக்காவில் ஒரு கல்லூரி அணியில் டிஃபண்டர், அதாவது தற்காப்பு ஆட்டக்காரி என்பது அவருக்கும் தெரியும். அங்கே பதில் போட்டால் பேச்சு எங்கெங்கோ போகும். அதனால் இங்கே எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகவே.

2009 நவம்பர் 5. மவுண்டன் வெஸ்ட் கான்ஃபரன்ஸ் என்ற கல்லூரிக் கூட்டமைப்பின் பெண்கள் கால்பந்து, அரையிறுதி ஆட்டம். நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்துக்கும் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்துக்கும். பிரிகாம் யங் 1-0 என்று ஜெயித்தது. அந்த ஒரு கோலை யார் போட்டார்கள் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. ஆனால் நியூ மெக்சிகோவின் டிஃபண்டர், 20 வயது, மூன்றாம் ஆண்டு மாணவி, அன்றைக்குச் செய்தது உலகத்துக்கே தெரியும். ஒருத்தியின் முதுகில் குத்தினாள். ஒருத்தியைக் காலை வாரிவிட்டாள். எல்லாவற்றுக்கும் மேலாக, தன்னோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த எதிரணிப் பெண்ணின் குதிரைவால் சடையைப் பின்னாலிருந்து பிடித்து ஒரே இழுப்பில் தரையில் சாய்த்தாள். கழுத்து என்ன ஆயிற்றோ என்று பார்க்கிறவர்களுக்கே பதறும்.

இத்தனைக்கும் ஆட்டம் முடியும்வரை அவளுக்குக் கிடைத்தது ஒரே ஒரு மஞ்சள் அட்டை. அதுவும் காலை வாரிவிட்டதற்கு. முழு நேரமும் மைதானத்தில்தான் இருந்தாள். சடையை இழுத்ததற்கு அட்டை எதுவும் இல்லை.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது இந்த விவரம்தான். மற்றதெல்லாம் இதிலிருந்து முளைத்தது.

மறுநாளே அவளுடைய பல்கலைக்கழகம் காலவரையறை இல்லாமல் இடைநீக்கம் செய்தது. அவளும் மன்னிப்புக் கேட்டு அறிக்கை விட்டாள். அதற்குள் இஎஸ்பிஎன் விளையாட்டுத் தொலைக்காட்சி காட்டிவிட்டது, யூடியூபில் பரவிவிட்டது. கல்லூரிப் பெண்கள் கால்பந்து என்று ஒன்று இருப்பதே தெரியாதவர்கள் எல்லாம் ஒரு வாரத்தில் நிபுணர் ஆனார்கள். பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து நியூயார்க் டைம்ஸுக்குக் கொடுத்த பேட்டியில், காணொளியைப் பார்த்தால் அது நானே இல்லை என்று தோன்றுகிறது என்றாள். ஆண் ஒருவன் செய்திருந்தால் இவ்வளவு பேச்சு இருந்திருக்காது என்றும் சொன்னாள். அவளுக்கு வந்த மின்னஞ்சல்களில் ஒருபக்கம் நினைக்கவே கூசுகிற வன்முறை மிரட்டல், மறுபக்கம் "சந்திக்கலாமா" என்று வழியும் ஆண்கள். இரண்டுமே ஒரே ரகம் என்றுதான் எனக்குப் படுகிறது. இரண்டு பேருமே அவளை ஒரு ஆட்டக்காரியாகப் பார்க்கவில்லை.

சரி, அவளுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். செய்தது அப்பட்டமான தப்பு. அந்தக் காணொளியை நிறுத்தி நிறுத்திப் பார்த்திருக்கிறேன். முதுகில் விழுந்த குத்துக்கு முன்னால் எதிரணிப் பெண்ணின் முழங்கை அவள் மேல் பாய்வதும் தெரிகிறது, சடையைப் பிடிப்பதற்கு முன்னால் அவளுடைய ஷார்ட்ஸை எதிராளி பிடித்து இழுப்பதும் தெரிகிறது. ஆனாலும் முழங்கைக்குப் பதில் சடை என்று கால்பந்தில் கணக்கு கிடையாது. அது சிவப்பு அட்டை. பேசவே வேண்டியதில்லை.

பிரச்சினை, அந்தச் சிவப்பு அட்டையை யாரும் காட்டவில்லை என்பதுதான். அன்றைக்கு நடுவர் அதைப் பார்த்துக் காட்டியிருந்தால் என்ன நடந்திருக்கும்? வெளியே போயிருப்பாள். அடுத்த ஆட்டத்தில் உட்கார்ந்திருப்பாள். "அரையிறுதியில் ஒரு வீராங்கனை வெளியேற்றப்பட்டார்" என்று உள்ளூர்ப் பத்திரிகையில் ஒரு வரி வந்திருக்கும். மைதானத்திலேயே தீர்ந்திருக்க வேண்டிய கணக்கு தீராமல் கிடந்தது. அதை வசூலிக்க உலகமே கிளம்பிவிட்டது, வட்டியோடு.

சிவப்பு அட்டை என்றால் தண்டனை என்றுதான் நாம் நினைக்கிறோம். அதில் ஒரு கருணையும் இருக்கிறது. வாங்கியவனுக்கு அதோடு கணக்கு முடிந்தது.

பிரான்ஸின் ஜிடானை எடுத்துக்கொள்ளுங்கள். 2006 ஜூலை 9, பெர்லின், உலகக் கோப்பை இறுதி ஆட்டம், 110-ஆவது நிமிடம். இத்தாலியின் மாட்டராஸியின் நெஞ்சில் தலையால் முட்டினார். சிவப்பு அட்டை. கோப்பையைத் தாண்டிக் குனிந்த தலையோடு நடந்து போனார். அந்தத் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்குத்தான் கிடைத்தது. 2012-இல் பாரீஸின் பாம்பிடு மையத்துக்கு வெளியே, அவர் முட்டும் அந்தக் காட்சியையே ஐந்து மீட்டர் உயர வெண்கலச் சிலையாக நிறுத்தினார்கள். உலகக் கோப்பையில் முட்டிய ஆணுக்குச் சிலை, கல்லூரி ஆட்டத்தில் சடையை இழுத்த பெண்ணுக்கு மிரட்டல் கடிதம். அவர் மேதை, இவள் யாரோ ஒரு மாணவி என்பீர்கள். அதுதான் நானும் சொல்வது. யாரோ ஒரு மாணவிக்கு உலகமே சேர்ந்து தண்டனை கொடுக்க வேண்டிய அவசியம் என்ன?

2010 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் நெதர்லாந்தின் டி யோங் தன் பூட்ஸ் ஆணிகளை ஸ்பெயினின் ஷாபி அலோன்சோவின் நெஞ்சில் பதித்தாரே, அதற்கு வெறும் மஞ்சள் அட்டைதான். தனக்குச் சரியாகத் தெரியவில்லை, பார்த்திருந்தால் சிவப்புதான் என்று நடுவர் ஹோவர்ட் வெப் பின்னால் ஒப்புக்கொண்டார். ஆண்கள் ஆட்டத்தில் இதை "கடுமையான ஆட்டம்" என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். குழாயடி என்று யாரும் சொல்வதில்லை.

நான் கன்னியாகுமரி மாவட்டக் கடலோரத்துக்காரன். எங்கள் பக்கம் கால்பந்து என்றால் உயிர். திருவிழாவை ஒட்டி நடக்கும் டூர்ணமென்ட்டில் ஃபைனல் என்றால் இரண்டு பேராவது நொண்டிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டும், இல்லையென்றால் ஆட்டத்தில் சூடில்லை என்போம். ஆளை இடித்துச் சாய்ப்பவனுக்குத் தனி மரியாதை. அதை ரசித்து வளர்ந்தவன்தான் நானும். அதே இடியை ஒரு பெண் இடித்தால் முதலில் எனக்கும் முகம் சுளித்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். மகள் ஆட ஆரம்பித்த பிறகுதான் என் கண் மாறியது.

இங்கே கல்லூரிப் பெண்கள் கால்பந்து எப்படிப்பட்டது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். 1972-இல் வந்த டைட்டில் நைன் சட்டம்தான் கல்விக்கூடங்களில் பெண்கள் விளையாட்டுக்கு வாசலைத் திறந்தது. கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்சிஏஏ அமைப்பு பெண்கள் கால்பந்துக்கு வைத்த முதல் தேசியப் போட்டி 1982-இல். இன்றைக்கு முதல் டிவிஷனில் மட்டும் 300-க்கும் மேல் அணிகள். ஒரு அணிக்கு 14 முழு உதவித்தொகை என்பதுதான் அங்கே நெடுங்காலம் இருந்த உச்சவரம்பு. அதை 25, 30 பேருக்குப் பிய்த்துப் பிய்த்துக் கொடுப்பார்கள். ஆக, பக்கத்தில் நிற்கும் தோழியே போட்டியாளர்தான். ஆகஸ்டில் தொடங்கி நவம்பருக்குள் வழக்கமான ஆட்டங்கள் முடிந்தாக வேண்டும். வியாழன் அல்லது வெள்ளி ஒரு ஆட்டம், ஞாயிறு ஒரு ஆட்டம். இடையில் பஸ் பயணம், பரீட்சை.

அப்புறம் ஆள் மாற்றும் விதி. உலகக் கால்பந்தில் வெளியே போனவர் போனவர்தான். இங்கே இரண்டாம் பாதியில் வெளியே வந்தவர் மறுபடி உள்ளே போகலாம். அதனால் பயிற்சியாளர் மூச்சு வாங்காத கால்களை உள்ளே அனுப்பிக்கொண்டே இருப்பார். வந்தவள் பத்து நிமிடம் பேய் ஓட்டம் ஓடி எதிராளியை மோதி நெருக்கிவிட்டு வெளியேறுவாள், அடுத்தவள் வருவாள். எழுபது நிமிடமாக நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும் டிஃபண்டருக்கு இது என்ன செய்யும் என்று யோசியுங்கள். கால் தாமதமாகிறது, கை முந்துகிறது. முரட்டு ஆட்டம் பாதி நேரம் கெட்ட குணத்தால் வருவதில்லை, களைப்பால் வருகிறது.

மீதிப் பாதி? அது நடுவரால் வருகிறது என்பது என் கட்சி.

சட்டம் ரொம்பத் தெளிவாக இருக்கிறது. கவனக்குறைவாக மோதினால் ஃப்ரீகிக் மட்டும். எதிராளிக்கு என்ன ஆகும் என்று பாராமல் மோதினால் மஞ்சள். அளவுமீறிய பலத்தைக் காட்டினால் சிவப்பு. பந்துக்குச் சம்பந்தமே இல்லாமல் ஆளைத் தாக்கினால் அதுவும் சிவப்பு. ஆனால் பெண்கள் ஆட்டத்தில் நான் பார்க்கும் நடுவர்களில் பலர் இரண்டு ஓரங்களில் நிற்கிறார்கள். ஒருவர் தோளோடு தோள் பட்டாலே விசில் ஊதுவார், தோளால் நெருக்குவது முறையான ஆட்டம்தான் என்றாலும். இன்னொருவர் விசிலை விழுங்கிவிடுவார், "பெண்பிள்ளைகள்தானே, என்ன பெரிதாக அடித்துவிடப் போகிறார்கள்" என்று. இரண்டாமவர்தான் ஆபத்து. பத்தாவது நிமிடத்தில் கார்னர் கிக்குக்கு நிற்கும்போது ஜெர்சியைப் பிடிப்பார்கள், விலாவில் முழங்கை, கோல்கீப்பரின் பாதத்தை மிதிப்பது. ஒன்றும் கேட்கவில்லை என்றால் இருபதாவது நிமிடத்தில் கொஞ்சம் கூடும். அறுபதாவது நிமிடத்தில் வாங்கியவள் திருப்பிக் கொடுப்பாள். திருப்பிக் கொடுப்பவள்தான் எப்போதும் மாட்டுவாள், அது வேறு கதை.

பெண்களுக்கு முழங்காலுக்குள் இருக்கும் ஏசிஎல் என்ற இணைப்பு நார் கிழிவது ஆண்களைவிட அதிகம் என்பது தெரிந்த விஷயம்தான். அதற்கு முரட்டு ஆட்டத்தைக் காரணம் சொல்பவர்கள் உண்டு. பெரும்பாலும் அது யாரும் தொடாமலேயே, திரும்பும்போதும் தரையிறங்கும்போதும் கிழிவது. பழியைத் தப்பான இடத்தில் போட வேண்டாம். ஆனால் கணுக்காலும் தலையும் அப்படியில்லை. அவற்றுக்குப் பெரும்பாலும் எதிரில் இன்னொரு பூட்ஸோ இன்னொரு மண்டையோ தேவைப்படுகிறது.

2009 சம்பவத்துக்கு 16 வருடம் கழித்து அதே காட்சியைக் கிட்டத்தட்ட அப்படியே மறுபடி பார்த்தோம். 2025 ஜூலை 19, பெண்கள் யூரோ கால் இறுதி, சுவிட்சர்லாந்தின் பேசல் நகரம். ஜெர்மனியின் டிஃபண்டர் கத்ரின் ஹெண்ட்ரிச், ஃப்ரீகிக்குக்காகக் கூட்டமாக நின்றபோது பிரான்ஸின் கிரிஜ் இம்போக்கின் சடையைப் பிடித்து இழுத்தார். நடுவர் பார்க்கவில்லை, வார் (காணொளியைப் பார்த்துச் சொல்லும் உதவி நடுவர் முறை) பார்த்தது. 13-ஆவது நிமிடத்தில் சிவப்பு அட்டை, கூடவே பெனால்டி, கோல். ஜெர்மனி பத்துப் பேரோடு கூடுதல் நேரமும் சேர்த்து நூறு நிமிடத்துக்கு மேல் போராடி 1-1 என்று இழுத்துப் பிடித்து, பெனால்டி ஷூட்அவுட்டில் ஜெயித்தது. மறுநாள் எல்லோரும் பேசியது கோல்கீப்பர் ஆன்-கத்ரின் பெர்கர் தடுத்ததைப் பற்றி. சடை இழுத்தது ஒரு பத்தி. ஹெண்ட்ரிச் அடுத்த ஆட்டத்தில் வெளியே உட்கார்ந்தார். செய்தது அதே தப்புதான், மறந்தும் போனோம். ஏனென்றால் 13-ஆவது நிமிடத்திலேயே அவர் விலை கொடுத்துவிட்டார்.

"எல்லா மைதானத்திலும் வார் வைக்க முடியுமா?" என்று கேட்பீர்கள். முடியாது. என் மகள் ஆடுவது மூன்றாம் டிவிஷனில். விளையாட்டுக்கென்று உதவித்தொகையே கிடையாது, கேமரா என்றால் யாரோ ஒரு அம்மாவின் கைப்பேசிதான். கேமரா இல்லாத இடத்தில் நடுவரின் முதல் பதினைந்து நிமிடம்தான் எல்லாம். அதில் ஒரு மஞ்சள் அட்டையைத் துணிந்து காட்டினால் மீதி எழுபத்தைந்து நிமிடமும் ஒழுங்காகப் போகும். நானே பலமுறை பார்த்திருக்கிறேன்.

காட்டாமல் விட்டால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். போன அக்டோபரில் ஒரு வெளியூர் ஆட்டம். எதிரணியின் முன்கள ஆட்டக்காரி ஆரம்பத்திலிருந்தே என் மகளின் ஜெர்சியை இழுத்துக்கொண்டிருந்தாள். நடுவர் "ஆடுங்கள், ஆடுங்கள்" என்று கையை விரித்துக்கொண்டே இருந்தார். நான் வரம்பு மீறிக் கத்தினேன், அதையும் மறைக்கவில்லை. எழுபதாவது நிமிடம் தாண்டி, பந்து எங்கோ இருக்கும்போது, என் மகள் அவளைப் பின்னாலிருந்து உதைத்தாள். சிவப்பு அட்டை. சரியான முடிவு. வண்டியில் வரும்போது இரண்டு மணி நேரம் பேச்சே இல்லை. வீட்டுக்குள் நுழையும் முன் ஒன்றே ஒன்று சொன்னாள்: "நீங்க கத்தினது எங்க கோச்சுக்குக் கேட்டுச்சுப்பா."

அடுத்த ஆட்டத்தில் அவள் ஆட முடியாது. என் பக்கத்தில் பார்வையாளர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். நான் வழக்கம்போலப் பந்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கார்னர் கிக் ஒன்று. என் முழங்கையைத் தட்டினாள்.

"பந்தைப் பாக்காதீங்கப்பா. அங்க, ரெண்டாவது போஸ்ட்கிட்டப் பாருங்க."

பார்த்தேன். ஒரு கை, எதிரில் நிற்பவளின் ஷார்ட்ஸைக் கொத்தாகப் பிடித்து இறுக்கிக்கொண்டிருந்தது. நடுவர் பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். லைன்ஸ்மேனும் பந்தைத்தான். நான் எழுந்து கத்தப்போனேன். அப்புறம்தான் ஜெர்சியின் நிறத்தைக் கவனித்தேன். எங்கள் அணி.

மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் உட்கார்ந்துவிட்டேன்.