முதல் மின்சார டிராம் ஓடியது மெட்ராஸில்

நேற்றிலிருந்து சுற்றும் அந்த கொல்கத்தா டிராம் படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். 'இந்தியாவின் முதல் மின்சார டிராம்' என்று போட்டிருக்கிறது. அதைப் பெருமையாகப் பகிர்ந்தவர்களில் பலர் சென்னைக்காரர்கள். அதுதான் வலிக்கிறது.

முதலில் ஓடியது மெட்ராஸில். 1895 மே 7. கொல்கத்தாவில் குதிரை இழுத்த டிராம் 1873இலேயே இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் அங்கே மின்சாரத்தில் ஓடியது 1902இல், பம்பாயில் 1907இல். லண்டனிலேயே மின்சார டிராம் வழக்கமான சேவைக்கு வந்தது 1901இல்தான். தொடக்கத்தில் இங்கே தலைக்கு மேல் கம்பிகூடக் கிடையாது. தண்டவாளத்தோடு சாலைக்கு அடியில் பள்ளம் வெட்டி, அதன் வழியே மின்சாரம் கொடுத்தார்கள். நம் ஊர் மழைக்கு அது தாங்குமா? பிறகுதான் மேலே கம்பி கட்டினார்கள்.

என் தாத்தா பாரிமுனையில் ஒரு கடையில் கணக்கு எழுதியவர். கடைசி நிறுத்தத்தில் வண்டியைத் திருப்பவே மாட்டார்களாம். கூரைமேல் மின்கம்பியைத் தொட்டுக்கொண்டிருக்கும் கம்பைக் கயிற்றால் இழுத்து எதிர்ப்பக்கம் மாற்றுவார்கள். டிரைவர் கைப்பிடியைக் கழற்றி எடுத்துக்கொண்டு மறுமுனைக்கு நடந்துபோவார். இதைத் தாத்தா கையால் சுழற்றிக் காட்டித்தான் சொல்வார். பேரப்பிள்ளைகள் யாரும் நம்பவில்லை. இங்கே டிராமா என்று சிரித்தோம்.

'யார் முதல் என்பதில் என்ன இருக்கிறது, மெட்ரோதான் வந்துவிட்டதே' என்பீர்கள். மெட்ரோவில் நானும்தான் போகிறேன். அதற்காக 58 வருடம் ஓடிய ஒன்றை அடுத்த ஊருக்கு எழுதிக் கொடுக்க வேண்டுமா?

'மெதுவாகப் போனது, ஜனங்களுக்கு வேண்டாம், அதனால் நின்றது' என்றும் ஒருவர் எழுதியிருக்கிறார். மெதுவாகப் போனது, சரி. ஆனால் 1953 ஏப்ரலில் அது நின்றதற்குக் காரணம், நடத்திய கம்பெனி நஷ்டத்தில் மூழ்கித் திவாலானது. டிக்கெட் எடுத்து ஏறிய ஜனங்கள் மேல் ஏன் பழி போடுகிறீர்கள்? பம்பாயில் 1964இல் கடைசி டிராமை வழியனுப்பக் கூட்டம் கூடியது. அவர்களும் வேண்டாம் என்றா நின்றார்கள்?

கொல்கத்தாக்காரர்கள் மேல் எனக்குக் கோபமே இல்லை. பழைய டிராம் பெட்டியையே அருங்காட்சியகமாக்கி 2014இல் எஸ்பிளனேடில் திறந்தார்கள். அவர்கள் வைத்துக் காப்பாற்றினார்கள், அதனால் உலகம் அவர்களை நம்புகிறது. நாம்? பாரிமுனையிலும் மவுண்ட் ரோட்டிலும் இதற்காகவே நடந்து பார்த்தேன். இங்கே டிராம் ஓடியது என்று ஒரு பலகைகூட என் கண்ணில் படவில்லை. மாநகராட்சி ஒரு கல் நட்டு, 1895 என்று அதில் பொறிக்க என்ன பெரிய செலவு ஆகிவிடும்?