திரும்பவும் கீட்டோ தொடங்கப் போறவைக்கு

கீட்டோவில், அதாவது சோறு, மா, சீனியில் இருக்கும் மாச்சத்தை மிகவும் குறைத்து உடம்பைக் கொழுப்பில் ஓடவிடும் உணவுமுறையில், பத்துப் பன்னிரண்டு கிலோ குறைத்து, பிறகு சோத்துக்குத் திரும்பி, குறைத்ததை வட்டியோடு ஏற்றிக்கொண்டவர்கள் இப்போது யாழ்ப்பாணத்தில் கனபேர். "முதல்தரம் வேலை செய்ததுதானே, திரும்பத் தொடங்கினால் சரி" என்பதுதான் எல்லாரின்ர கதையும். என்னுடைய கருத்து வேறு. முதல்தரம் எடை குறைந்தது உண்மைதான். ஆனால் கீட்டோவை விட்டு எப்படி வெளியே வருவது என்று அப்போது ஒருத்தரும் யோசிக்கவில்லை. இந்தமுறையும் அதை யோசிக்காமல் தொடங்குவதென்றால், தொடங்காமல் விடுவதே நல்லது.

ஏறின எடையில் எது கொழுப்பு, எது தண்ணீர் என்று பிரித்துப் பாருங்கோ. ஈரலிலும் தசையிலும் கிளைகோஜனாக 400 முதல் 500 கிராம் வரை மாச்சத்து சேமிப்பில் இருக்கும். ஒவ்வொரு கிராமும் ஏறத்தாழ 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். மாச்சத்தை நிறுத்தினால் முதற்கிழமையிலேயே 2 கிலோ போவதும், சித்திரை வருசத்துக்கு மூன்று நாள் வடிவாகச் சாப்பிட்டால் அதே 2 கிலோ திரும்பி வருவதும் இதனால்தான். ஒரு கிலோ கொழுப்பு சேர 7700 கலோரி அளவு மிச்சம் விழவேணும். மூன்று நாளில் அது நடக்காது. இரண்டாம் தரம் தொடங்குபவர்களில் பலர் ஏற்கெனவே சோற்றைப் பாதியாக்கி வைத்திருப்பார்கள். சேமிப்பு நிரம்பி இருக்காது, அதனால் முதற்கிழமை இறக்கமும் குறைவாக இருக்கும். "இந்தமுறை உடம்பு கேட்குதில்லை" என்று பத்தாம் நாளே விடுவது இந்தக் கணக்குத் தெரியாமல்தான்.

எடை ஏறினதற்கு வாய்க்கட்டு இல்லாததுதான் காரணம் என்று ஆட்களைத் திட்டுவதிலும் எனக்கு உடன்பாடு இல்லை. மெல்பேர்னில் செய்து 2011இல் வெளியான ஓர் ஆய்வில், உணவைக் கடுமையாகக் குறைத்து எடை இழந்தவர்களுக்குப் பசியைத் தூண்டும் ஹோர்மோன்கள் ஒரு வருசம் கழிந்தும் பழைய நிலைக்கு வரவில்லை. அதோடு 85 கிலோ உடம்புக்குத் தேவைப்பட்ட சாப்பாடு 72 கிலோ உடம்புக்குத் தேவையில்லை. பசி கூடுதல், தேவை குறைவு. இந்த நேரத்தில் பழைய கோப்பைச் சோற்றுக்குத் திரும்பினால் என்ன நடக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

இனி மருந்து. இதில் ஒரு விட்டுக்கொடுப்பும் இல்லை. முதல்தரம் கீட்டோ செய்தபோது உங்களுக்குச் சீனி வருத்தம் இல்லாமல் இருந்திருக்கலாம். இப்போது கிளினிக் கொப்பியில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கோ. இன்சுலின், கிளிக்லசைட், கிளிபென்கிளமைட் எடுப்பவர்கள் அளவைக் குறைக்காமல் மாச்சத்தை நிறுத்தினால் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கும். எம்பாகிளிபுளோசின், டபாகிளிபுளோசின் எடுப்பவர்கள் கீட்டோவுக்குக் கிட்டவும் போகக்கூடாது. சீனி அளவு சாதாரணமாகக் காட்டிக்கொண்டிருக்க இரத்தத்தில் அமிலம் ஏறும். சத்தி, வயிற்றுநோ, வேகமான மூச்சு என்றால் நேரே ஆஸ்பத்திரிதான். மெட்போமின் பெரும்பாலும் தொந்தரவில்லை. பிரஷர் குளிசை எடுப்பவர்களுக்கு இரண்டு கிழமையிலேயே குளிசையின் அளவு தேவைக்கு மேலாகிப்போய், எழும்பி நிற்கத் தலை சுற்றலாம். குளிசையை நீங்களாக வெட்டாமல் டொக்டரிடம் கேளுங்கோ. கர்ப்பிணிகள், பால் கொடுப்பவர்கள், சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள், கணைய அழற்சி வந்தவர்கள், முதலாம் வகை நீரிழிவு உள்ளவர்கள் இந்தப் பக்கமே வரவேண்டாம். லிப்பிட் புரொபைல் என்ற இரத்தக் கொழுப்புப் பரிசோதனை ஒன்று தொடங்க முதல், இன்னொன்று மூன்று மாதத்தில் எடுங்கோ. சிலருக்கு எல்டிஎல் என்ற கெட்ட கொலஸ்ட்ரோல் சடாரென்று ஏறும். தேங்காயெண்ணெயும் முதற்பாலும் தாராளமாகப் புழங்கும் எங்கட சமையலில் இதைக் கவனிக்கத்தான் வேணும்.

சாப்பாட்டுக்கு வருவோம். தமிழ்நாட்டுப் பக்கம் சுற்றும் பேலியோ என்ற மாச்சத்துக் குறைந்த சாப்பாட்டு அட்டவணையை அப்படியே எடுத்து இங்கே தொடங்கினவர்கள்தான் முதல்தரம் கெதியாகக் களைத்தவர்கள். காலைக்கு நூறு பாதாம், இரவுக்குப் பனீர். நூறு பாதாம் என்றால் 120 கிராம், ஏறத்தாழ 700 கலோரி. இங்கே அது முழுக்க இறக்குமதிச் சாமான். விலையைக் கேட்டாலே பசி அடங்கிவிடும். எங்களிட்ட இருப்பது கடல். பாசையூரிலும் குருநகரிலும் இறங்கும் சூடை, கீரி, சாளை போன்ற சின்ன மீன்கள் கீட்டோவுக்கென்றே படைத்தது மாதிரி. துப்பரவாக்கின மீன் 100 கிராமில் புரதம் 20 கிராம், மாச்சத்து இல்லை, தேவையான நல்ல கொழுப்பும் அதிலேயே இருக்கிறது. இறால், நண்டும் பிரச்சினை இல்லை. கணவாயில் மட்டும் 100 கிராமுக்கு 3 கிராம் மாச்சத்து.

புரதத்தின் அளவுதான் இரண்டாம் தரத்தில் நான் அழுத்திச் சொல்லும் விசயம். முதல்தரம் எடை குறைந்தபோது தசையும் சேர்ந்து போயிருக்கும். ஏறும்போது ஏறினது பெரும்பாலும் கொழுப்பு. இலக்கு எடை கிலோ ஒன்றுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் வையுங்கோ. 65 கிலோ இலக்கென்றால் ஒரு நாளைக்கு 78 முதல் 98 கிராம். காலையில் மூன்று முட்டை 18 கிராம், மத்தியானம் 200 கிராம் மீன் 40 கிராம், இரவு 150 கிராம் கோழி முப்பதுக்கு மேல். கணக்கு முடிந்தது. இதோடு கிழமைக்கு இரண்டு மூன்று நாள் பாரம் தூக்கும் பயிற்சி வேணும். ஜிம் இல்லாவிட்டால் கதிரையில் இருந்து எழும்பி இருந்தாலும் காணும். கொழுப்பைத் தேடித் தேடிச் சாப்பிடத் தேவையில்லை. தேத்தண்ணிக்குள் பட்டர் போட்டுக் குடிக்கும் கூத்தெல்லாம் எடை குறைக்க நினைப்பவர்களுக்கு வீண். வயிற்றில் இருக்கும் கொழுப்பு எரியவேணுமென்றால் கோப்பையில் இருக்கும் கொழுப்பு கொஞ்சம் குறைய வேணும்.

பலரும் கோட்டை விடும் இடம் குழம்புச் சட்டி. சோற்றை விட்டாச்சு, கறிதானே சாப்பிடுறன் என்று நினைப்பார்கள். நாலு பேருக்கான மீன் குழம்பைப் பாருங்கோ. உரித்த சின்ன வெங்காயம் 100 கிராம் போகும். நார்ச்சத்தைக் கழித்தாலும் அதில் 13, 14 கிராம் மாச்சத்து. பழப்புளி 25 கிராம் கரைத்தால் இன்னும் 14, 15. தூளிலும் கொஞ்சம் வரும். ஆளுக்கு 7, 8 கிராம். மரக்கறிக் குழம்பு இன்னொன்றும் அதே முறையில் வைத்தால் காய்க்கணக்குப் பார்க்க முதலே 15 தாண்டிவிடும். நாளைக்கு 20 கிராம் என்று கோடு போட்டவருக்கு மத்தியானமே கதை முடிந்தது. இதற்காக வீட்டில் தனிச்சட்டி வைக்கச் சொல்ல மாட்டன். சமைக்கிறவைக்கு இரண்டு வேலை கொடுத்த எந்த உணவுமுறையும் மூன்று கிழமைக்கு மேல் நின்றதில்லை. வெங்காயத்தைப் பாதியாக்குங்கோ, புளியையும் பாதியாக்கி இறக்கினபிறகு தேசிக்காய் விடுங்கோ, குழம்பு தடிக்க உருளைக்கிழங்கு போடாமல் கடைசியில் முதற்பாலை விடுங்கோ. வீட்டில் மற்றவைக்கு வித்தியாசமே தெரியாது. நீங்கள் மீன் துண்டைக் கூட எடுத்து, குழம்பைக் குறைய விடுங்கோ.

சோற்றின் இடத்துக்கு என்ன என்பது அடுத்த கேள்வி. என் தெரிவு கோவா (முட்டைக்கோஸ்). 200 கிராமைப் புட்டுப்போலப் பொடியாக அரிந்து, உப்புப் பிசறிப் பத்து நிமிசம் வைத்து இறுக்கிப் பிழியுங்கோ. ஒரு மேசைக்கரண்டி தேங்காயெண்ணெயில் கடுகும் கறிவேப்பிலையும் தாளித்து, பெரிய நெருப்பில் மூடாமல் பிரட்டி, இறக்க முதல் 30 கிராம் தேங்காய்ப்பூ போடுங்கோ. பிழியாமல் விட்டாலும் மூடி வைத்தாலும் தண்ணி விட்டு அவிந்து, நாறல் மணம் வரும். அதைச் சாப்பிட்டுவிட்டுக் கீட்டோ சரியில்லை என்று சொல்லுவார்கள். வடிவாகச் செய்தால் பொலுபொலுவென்று இருந்து குழம்பை உறிஞ்சும். மாச்சத்து 9 கிராமுக்குள். அதே 200 கிராம் சோற்றில் 56.

குரக்கன் புட்டும் ஒடியல் கூழும் பாரம்பரியச் சாப்பாடு, சத்தானது, மறுக்கவில்லை. கீட்டோவுக்கு ஆகாது. குரக்கன் மாவில் 100 கிராமுக்கு 70க்கு மேல் மாச்சத்து. ஒடியலும் காய்ந்த பனங்கிழங்குதான். பனங்கட்டியும் அப்படியே: கடித்துக்கொண்டு குடித்தாலும் அது சீனிதான். பால்மா இரண்டு கரண்டி, சீனி இரண்டு கரண்டி போட்ட தேத்தண்ணி ஒன்றில் 12 கிராம் மட்டில் வரும். மூன்று வேளைக்கு 36. கால் றாத்தல் பாணில் 55. கச்சான் கொறிக்கலாம், 100 கிராமில் 8 கிராம்தான். ஆனால் கலோரி 560க்கு மேல், கை சரைக்குள் போனால் திரும்பி வராது. கஜுவை மறந்துவிடுங்கோ. காய்களில் கத்தரி, பாவற்காய், புடலங்காய், வெண்டி, கீரை வகை எல்லாம் பயமில்லை. வல்லாரைச் சம்பல் தினமும் வைத்தால் மலச்சிக்கலும் அண்டாது.

மூன்றாம் நாளில் வரும் தலையிடியும் கால் பிடிப்பும் மாச்சத்துக்கு உடம்பு ஏங்குவதால் அல்ல. இன்சுலின் இறங்க, சிறுநீரகம் உப்பை வெளியே விடும். உப்போடு தண்ணியும் போகும். பிரஷர், சிறுநீரகப் பிரச்சினை இல்லாதவர்கள் அரைத் தேக்கரண்டி உப்பைத் தேசிக்காய்த் தண்ணியிலோ சொதியிலோ கூட எடுத்தால் ஒரு மணித்தியாலத்தில் வித்தியாசம் தெரியும். எங்கட பங்குனி வெயிலில் வேர்த்து வேலை செய்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். இளநி குடித்துச் சமாளிக்கலாம் என்பார்கள். ஒரு பேணியில் 8 கிராம் மட்டில் சீனி போகும். பிரஷருக்கு லொசாட்டன், எனலாப்பிரில் எடுப்பவர்கள் பொட்டாசியம் குளிசை பக்கம் போகக்கூடாது. கவுட் என்ற மூட்டு வருத்தம் உள்ளவர்களுக்கு முதல் சில கிழமை யூரிக் அமிலம் ஏறி முட்டு வீங்கலாம்; கள்ளும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

கொழுப்பு எரியும்போது உண்டாகும் கீட்டோன் சிறுநீரில் இருக்கிறதா என்று பார்க்கும் பட்டிக்குக் காசு செலவழிக்காதேங்கோ. முதல் இரண்டு கிழமை நிறம் காட்டும், பிறகு உடம்பு கீட்டோனை வீணாக்காமல் எரிக்கப் பழக நிறம் மங்கும். அதைப் பார்த்து அநியாயமாகக் கவலைப்படுபவர்கள்தான் கனபேர். அளவுநாடாவால் தொப்புள் மட்டத்தில் கிழமைக்கு ஒருதரம் அளந்தால் காணும். ஆசிய உடம்புக்கு ஆண்கள் 90, பெண்கள் 80 சென்ரிமீற்றருக்குள் நிற்கவேணும்.

எப்போது தொடங்குவது? இங்கே இருப்பவர்கள் பஞ்சாங்கத்தைப் பார்க்காமல் தொடங்கினால் கட்டாயம் உடையும். ஆடி அமாவாசை கழிந்து ஆறாம் நாள் நல்லூர்க் கந்தசுவாமி கோவில் கொடி ஏறினால் 25 நாளைக்குப் பல வீடுகளில் மச்சம் இல்லை, முட்டையும் இல்லை. அந்த நாட்களில் கடும் கீட்டோ செய்தால் மிஞ்சுவது தேங்காயும் கீரையும். புரதம் படுத்துவிடும், இருக்கிற தசையும் போகும். தைப்பொங்கல் முடிந்த கையோடு தொடங்கினால் சித்திரை வருசம் வரை பன்னிரண்டு கிழமைக்கு மேல் கிடைக்கும். இடையில் பெரிய விரதமென்றால் சிவராத்திரிதான். கிழமையில் வரும் வெள்ளி மரக்கறிக்குச் சட்டித் தயிர், கச்சான், 30 கிராம் சோயாமீற் என்று ஓட்டலாம். சுவையூட்டின சோயாமீற் பெட்டிக்குள் வரும் தூள் பக்கெற்றை வெளியில் எறியுங்கோ. மாவும் சீனியும் அதற்குள்தான் ஒளிந்திருக்கும்.

வெளியே வரும் வழிக்கு வருகிறேன். 2018இல் வெளியான ஸ்ரான்ஃபோட் ஆய்வில் 609 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்குக் கொழுப்பையும் மறுபகுதிக்கு மாச்சத்தையும் குறைத்தார்கள். பன்னிரண்டு மாதத்தில் முதற்பகுதி 5.3 கிலோ, மற்றது 6.0 கிலோ, சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. ஆகவே கீட்டோ மட்டும்தான் வழி என்று சண்டை பிடிப்பவர்களோடு நான் சேரமாட்டன். எனக்குப் பிடித்தது அதில் கையாண்ட முறை: நாளைக்கு 20 கிராம் வரை இறக்கி, பிறகு கிழமைக்கு 5 முதல் 15 கிராம் வரை கூட்டி, அவரவரால் நெடுகக் கடைப்பிடிக்கக்கூடிய அளவில் நிறுத்தினார்கள்.

அதையே இங்கே செய்யுங்கோ. சித்திரை கழிய, கிழமைக்கு 10 கிராம் கூட்டுங்கோ. முதலில் பயித்தங்காய், பூசணி, முருங்கைக்காய். பிறகு பருப்பு; அவித்தது 100 கிராமில் 12 கிராம். அதற்குப் பிறகுதான் சோறு, அதுவும் மத்தியானம் மட்டும், அளவுகோப்பையால் அரைக்கோப்பை, 80 கிராம் மட்டில். பலருக்கு 80 முதல் 100 கிராம் மாச்சத்தில் எடை நிற்கும். தினமும் காலையில் நிறுத்து, ஏழு நாள் சராசரியை எழுதுங்கோ. முதல் 2 கிலோ ஏற்றத்துக்குப் பயப்பட வேண்டாம், மேலே சொன்ன தண்ணீர்தான் அது. அது அடங்கினபிறகு வரும் எடையை அடி எடையாக வைத்து, சராசரி அதற்கு மேல் 2 கிலோ தாண்டினால் கடைசியாகக் கூட்டினதை எடுத்துவிட்டு மூன்று கிழமை நில்லுங்கோ. பழையபடி 20 கிராமுக்கு ஓடத் தேவையில்லை. நல்லூர் நாட்களுக்கு 100 கிராம் மாச்சத்துக்குள் பயறும் கடலையும் பருப்புமாக ஓட்டலாம். வைகாசி, ஆனியில் கறுத்தக்கொழும்பான் மாம்பழம் வரும். நல்ல பழம் ஒன்றில் 30 முதல் 45 கிராம் மாச்சத்து. அதைச் சாப்பிடுற அன்றைக்குச் சோறு இல்லை.