குளவிக்கு வயல் வேண்டும், செம்மறைக்குக் காடு வேண்டும்

2022 மார்ச் மாதம் நம் பக்கத்தில் இரண்டு விஷயங்கள் நடந்தன. சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் மரவள்ளி ஆராய்ச்சி நிலையத்தில், மரவள்ளி மாவுப்பூச்சியை அடக்க ஒரு பொடிக் குளவியை முதன்முதலாக வயலில் விட்டார்கள். ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து தருவித்து, பெங்களூருவில் பெருக்கிய குளவி அது. அதே மாதம், தமிழ்நாட்டின் வனங்களில் மாடு மேய்க்கக் கூடாது என்று உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. சில நாட்களிலேயே அதைத் தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் என்று சுருக்கிவிட்டார்கள். முதல் செய்தியை எங்கள் ஆத்தூர் பக்கம் எல்லோரும் பேசினோம். இரண்டாவதை யாரும் கண்டுகொள்ளவில்லை. இரண்டும் ஒரே பிரச்சினைதான் என்பது என் கருத்து. அதைச் சொல்லத்தான் இந்த நீண்ட பதிவு.

மரவள்ளி போட்டவர்களுக்கு மாவுப்பூச்சியைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. நுனிக் கொழுந்து சுருளும், கணு நெருங்கும், செடியின் உச்சியில் முடிச்சு விழும். பிரித்துப் பார்த்தால் வெள்ளை வெள்ளையாக மாவு, பக்கத்திலேயே எறும்பு வரிசை. மாவுப்பூச்சி விடுகிற இனிப்புத் தேனுக்காக எறும்பு காவல் காக்கும். கிழங்கு பெருக்காது. சேகோ (ஜவ்வரிசி) ஆலையில் பாயிண்ட், அதாவது கிழங்கின் மாவுச்சத்து அளவு, பார்த்து விலை போடும்போதுதான் நஷ்டம் எவ்வளவு என்று புரியும். மருந்து அடித்தாலும் சுருண்ட கொழுந்துக்குள் மெழுகைப் பூசிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற பூச்சிமேல் அது சரியாகப் படாது. கொஞ்ச நாளில் மறுபடி முளைத்துவிடும்.

இந்தப் பூச்சிக்கும் மரவள்ளியைப் போலவே பூர்வீகம் தென் அமெரிக்காதான். 1970களின் தொடக்கத்தில் எப்படியோ காங்கோ பக்கம் போய் இறங்கி, ஆப்பிரிக்காவில் மரவள்ளி விளையும் பகுதி முழுவதும் பரவியது. அங்கே கிழங்குதான் சோறு. கோடிக்கணக்கான பேருடைய சாப்பாடு ஆட்டம் கண்டது. பூச்சி பிறந்த இடத்தில் அதற்கு எதிரி இருந்தாக வேண்டுமே என்று தேடினார்கள். 1981இல் பராகுவேயில் கிடைத்தது அனகைரஸ் லோபெசி என்கிற குளவி. நைஜீரியாவின் இபாடானில் இருக்கும் சர்வதேச வெப்பமண்டல வேளாண்மை நிறுவனத்தில் அதைப் பெருக்கி, நாடு நாடாக விட்டார்கள். இந்த வேலைக்குத் தலைமை தாங்கிய சுவிட்சர்லாந்துக்காரர் ஹான்ஸ் ஹெரனுக்கு 1995இல் உலக உணவுப் பரிசு கொடுத்தார்கள். அதே பூச்சி தாய்லாந்துக்குப் போனபோதும், 2020இல் கேரளா வழியாக நம் பக்கம் தெரிய வந்தபோதும் இதே குளவிதான் கைகொடுத்தது.

இங்கே ஒரு நிமிடம் நின்று யோசித்துப் பாருங்கள். பராகுவேயில் அந்த மாவுப்பூச்சி யாருக்கும் தொல்லை இல்லை. குளவிக்கு அங்கே ஒரு மதிப்பும் இல்லை, அப்படி ஒன்று இருக்கிறதென்றுகூட எந்த விவசாயிக்கும் தெரிந்திருக்காது. அந்த ஊர் வயலும் புதரும் அதைச் சும்மா வைத்திருந்தன, அவ்வளவுதான். தேவை வந்த அன்று அது உயிரோடு இருந்தது. இல்லாமல் போயிருந்தால் எந்த ஆய்வகத்தாலும் அதைச் செய்து கொடுத்திருக்க முடியாது.

குளவி செய்கிற வேலையைக் கண்ணால் பார்க்கலாம். சுருண்ட கொழுந்தைப் பிரித்து, கைபேசி கேமராவைப் பெரிதாக்கிப் பாருங்கள். வெள்ளைப் பூச்சிகளுக்கு நடுவே வெந்தயத்தை விடச் சிறிதாக, பழுப்பேறி இறுகிப்போன சில பூச்சிகள் தெரியும். சிலவற்றின் ஒரு முனையில் வட்டமாக ஒரு துளை இருக்கும். தாய்க்குளவி ஊசி போடுவது போல் முட்டையை உள்ளே வைத்துவிட்டுப் போயிருக்கிறது. புழு உள்ளேயிருந்து தின்று வளர்ந்து, குளவியாகித் துளை போட்டு வெளியே போயிருக்கிறது. அது கொசுவை விடச் சின்னது, மனிதரைக் கொட்டாது. வேறு பயிரையும் தொடாது.

இதைப் பார்த்த பிறகும் பக்கத்து வயலில் பத்து நாளைக்கு ஒரு மருந்து அடிக்கிறார்கள். கடைக்காரர் ஒன்றுக்கு இரண்டாகக் கலந்து கொடுக்கிறார். மெழுகுக்குள் இருக்கும் மாவுப்பூச்சி தப்பிக்கும், வெளியே பறக்கும் குளவி சாகும். வாங்கியவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. கடன் வாங்கி நட்டவர் கை கட்டி எப்படி உட்கார்ந்திருப்பார்? குளவியைக் கொண்டுவந்து சேர்த்த அரசு, அதை விட்ட சுற்று வட்டாரத்தில் எந்த மருந்தை எப்போது நிறுத்த வேண்டும் என்று வீடு வீடாகச் சொல்ல ஆள் போடவில்லை. கோபம் அங்கேதான். 2008இல் கோயம்புத்தூரில் தெரிந்த பப்பாளி மாவுப்பூச்சி நினைவிருக்கிறதா? பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று எல்லாவற்றையும் மேய்ந்தது. 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள், அடங்கிவிட்டது. இவ்வளவு நல்ல முன்னுதாரணம் கையில் இருந்தும் இந்த நிலை.

சரி, இதற்கும் மாட்டுக்கும் என்ன சம்பந்தம்?

ஈரோடு மாவட்டம் அந்தியூருக்கு மேலே பர்கூர் மலை. அங்கே பழுப்பு உடம்பில் வெள்ளைத் திட்டுகளோடு இருக்கும் செம்மறை மாடுகள்தான் பர்கூர் இனம். காங்கயம், உம்பளச்சேரி, புலிக்குளம், ஆலம்பாடி ஆகியவற்றோடு தமிழ்நாட்டின் பெயர் சொல்லும் மாட்டினங்களில் ஒன்று. ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்குப் போனால் பார்க்கலாம். கண்ணில் மிரட்சி, நடையில் வேகம், புது ஆளை அண்ட விடாது. பால் அதிகம் கறக்காது. மலையில் தீவனம் வாங்கிப் போடுகிற பழக்கம் கிடையாது. காட்டுக்குள் பட்டி போட்டு, மந்தையாக மேய்த்து, கிடைக்கும் புல்லையும் தழையையும் தின்றே வளர்ந்த இனம். கல்லிலும் சரிவிலும் ஏறும் குளம்பு அப்படி வந்ததுதான். வெயில் கூடி, தீவன விலையும் ஏறிக்கொண்டே போகும் காலத்தில், ஒன்றும் கேட்காமல் வாழத் தெரிந்த மாட்டுக்கு, அந்தப் பராகுவே குளவிக்கு வந்ததுபோல, என்ன மதிப்பு வரும் என்று இன்றைக்கு யாரால் சொல்ல முடியும்?

2024 ஜனவரியில் அந்தியூர், கோபிசெட்டிபாளையம் வட்டங்களில் சுமார் 80 ஆயிரம் ஹெக்டேர் காடு தந்தை பெரியார் வனவிலங்குச் சரணாலயம் ஆனது. சரணாலயம் என்றால் மேய்ச்சலுக்கு என்ன ஆகும் என்பதுதான் மலைக்காரர்களின் பயம். 2022 உத்தரவு அவர்கள் தலைக்கு மேலே நிற்கிறது.

காட்டில் மாடு கூடாது என்பவர்களிடமும் நியாயம் இருக்கிறது. மான், காட்டெருமையின் தீவனத்தில் மாடு பங்கு போடும், நோயும் பரவலாம். ஆனால் எந்த மாடு, எத்தனை, எந்தப் பருவத்தில், எந்தப் பக்கம் என்று கணக்குப் போடாமல் ஒட்டுமொத்தமாக அடைப்பது பாதுகாப்பு ஆகாது. 2006 வன உரிமைச் சட்டத்திலேயே மேய்ச்சல் உரிமை ஒரு சமூக உரிமையாக எழுதப்பட்டிருக்கிறது.

"காளை விந்தை உறைய வைத்திருக்கிறோமே, இனம் அழியாது" என்பார்கள். வேண்டியதுதான், வைக்கட்டும். கர்னாலில் கால்நடை மரபுவளத்துக்கும் பெங்களூருவில் பூச்சி வளத்துக்கும் தேசிய ஆய்வகங்கள் இருப்பதில் எனக்குப் பெருமைதான். ஆனால் சினை ஊசி போட்டுப் பிறக்கும் கன்று கொட்டகையில் புண்ணாக்கு தின்று வளர்ந்தால், நான்கு தலைமுறையில் நாம் தேர்ந்தெடுப்பது பாலுக்காகத்தான் இருக்கும். மலை ஏறுகிற குணத்துக்காக அதை யார் தேர்ந்தெடுப்பார்கள்? பட்டியில் மாட்டோடு படுத்து, எந்தக் காளையை மந்தைக்கு விடுவது என்று தெரிந்தவர் மலையை விட்டு இறங்கித் திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டால், உறைவிந்துக் குச்சியில் மிஞ்சுவது பாதி இனம்தான்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. குளவி விட்ட வட்டாரங்களில் வேளாண் துறை ஆட்கள் சுருண்ட கொழுந்தைப் பிரித்துக் காட்டி, மருந்தை நிறுத்தும் விவசாயிக்கு அந்தப் பருவம் நஷ்டம் வந்தால் ஈடு கொடுக்கட்டும். பர்கூர் மலையில் கிராம சபைகளின் மேய்ச்சல் உரிமையைச் சட்டப்படி அங்கீகரித்து, வனத்துறையும் கால்நடைத் துறையும் பட்டிக்காரர்களோடு உட்கார்ந்து எல்லையும் எண்ணிக்கையும் பேசி முடிக்கட்டும். நம் பக்கத்துச் சட்டமன்ற உறுப்பினர்களிடம் சட்டமன்றத்தில் அடுத்த மானியக் கோரிக்கை விவாதத்துக்கு முன்னாலேயே இதைக் கேட்கப் போகிறோம். கூட வர விருப்பமுள்ளவர்கள் கீழே எழுதுங்கள்.