பிரேசிலைப் பாருங்கள்
மக்களைக் கூட்டிவைத்துப் பேசினால் நகரத் திட்டம் தாமதமாகும் என்று ஒரு கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரி நகரத்தில் 1989லிருந்தே எந்தப் பகுதிக்குச் சாக்கடை, எந்தத் தெருவுக்குத் தார் என்று மக்களே கூடிப் பேசி மாநகராட்சி பட்ஜெட்டில் சேர்த்தார்கள், அப்புறம் 2001ல் நாடு முழுவதற்கும் வந்த நகரச் சட்டம் 20,000 பேருக்கு மேல் வாழும் நகரங்களுக்கு மாஸ்டர் பிளான் (நகரம் எப்படி வளர வேண்டும் என்ற திட்டம்) கட்டாயம் என்று சொல்லி, அதையும் பொதுமக்களிடம் கேட்டுத்தான் போட வேண்டும் என்றது. சரி, குறையே இல்லையா? இருக்கிறது. பிரேசில் அரசு 2003ல் தொடங்கிய நகரங்கள் அமைச்சகத்தை 2019ல் கலைத்து, 2023ல் திரும்பக் கொண்டுவந்தார்கள். ஆட்சி மாறினால் அமைப்பே காணாமல் போவதுதான் எனக்குக் கவலை. இன்னொன்று, மக்களுக்கு முடிவெடுக்கும் அதிகாரம் தராமல் வெறும் ஆலோசனைக்குக் கூப்பிட்டால், குடிசைப் பகுதிக்காரர்கள் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு எதற்கு வரப்போகிறார்கள்?