முடிச்சூரில் ஒரு மீட்டர் பெட்டி

வாடகைக்கு வீடு தேடி ரெண்டு மாசமா அலையறோம். என் கணவர் கட்சி, "எல்லாம் ஃபோன்லயே பார்த்து முடிச்சிடலாம், எதுக்கு வெயில்ல சுத்தணும்?" என் கட்சி, போட்டோவைப் பார்த்து ஒரு வீட்டை வேணாம்னு சொல்லலாம், சரின்னு மட்டும் சொல்லக் கூடாது. போன ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் இது வெறும் வாய்ச் சண்டையாத்தான் ஓடிட்டு இருந்துச்சு.

சென்னை தாம்பரத்துக்குப் பக்கத்துல இருக்கற முடிச்சூர்ல ஒரு தரைத்தள வீடு. ரெண்டு பெட்ரூம், 950 சதுரடி, புது பெயிண்ட், தாம்பரம் ஸ்டேஷன் 10 நிமிஷம்னு போட்டிருந்தாங்க. (ராத்திரி ரெண்டு மணிக்குக் கிளம்பினா 10 நிமிஷம்தான், தப்பு சொல்ல முடியாது.) பதினாலு போட்டோ, ஒவ்வொண்ணும் கண்ணாடி மாதிரி. இவர் டோக்கன் அட்வான்ஸ் போடவே தயாராயிட்டார். ப்ரோக்கர் வேற, "சார், இன்னும் ரெண்டு பார்ட்டி வெயிட்டிங்"னு காலையிலேர்ந்து விரட்டல். ஒரே ஒரு தடவை பார்த்துட்டு வந்துடலாம்னு நான்தான் இழுத்துட்டுப் போனேன்.

வீடு சுத்தமாத்தான் இருந்துச்சு. எனக்கு இடறினது வாசல்ல இருந்த ஈபி மீட்டர் பெட்டி. என் தலைக்கு மேல இருக்கு, எட்டிப் பார்த்தாத்தான் ரீடிங் தெரியும். அதுக்கு நேர் கீழ, இடுப்பு உயரத்துல, புது பெயிண்டுக்கு அடியில நாலு ஆணி ஓட்டை. பட்டி வெச்சு அடைச்சிருக்காங்க, ஆனா விரல் வெச்சா தட்டுப்படுது. பழைய பெட்டி இருந்த இடம் அது. ஒருத்தர் எதுக்கு மீட்டரை அவ்வளவு உயரத்துக்குத் தூக்கணும்?

தெருமுனையில இஸ்திரி போடற அக்காகிட்ட பேச்சுக் கொடுத்தேன். "அந்த வீடா? பெரிய வெள்ளத்துல ஜன்னல் வரைக்கும் நின்னுச்சும்மா. அதுக்கப்புறம்தான் ஓனரு மீட்டரை மேல ஏத்துனாரு. பின்னாடி வந்த புயலுக்குப் படிக்கட்டோட நின்னுடுச்சு."

அக்கா சொன்ன பெரிய வெள்ளம் 2015 டிசம்பர். அன்னிக்கு ஒரே நாள்ல தாம்பரத்துல 49 சென்டிமீட்டர் மழை. அடையாறு பக்கத்துலயே ஓடுது, முடிச்சூர் தெருவுல படகு விட்டாங்க. புயல்னா 2023 டிசம்பர்ல வந்த மிக்ஜாம். ஓனர்கிட்ட கேட்டப்போ மறைக்கல மனுஷன். "இப்போ கால்வாயெல்லாம் போட்டாச்சும்மா, முன்ன மாதிரி இல்ல"ன்னார். இருக்கலாம். ஆனா அந்த விளம்பரத்துல வாஸ்துவுக்கு ஒரு கட்டம், கார் பார்க்கிங்குக்கு ஒரு கட்டம், வெஜ் ஒன்லிக்குக்கூட ஒரு கட்டம் இருக்கு. மழைக்கு வீட்டுக்குள்ள தண்ணி வருமாங்கறதுக்குக் கட்டமே கிடையாது. சென்னையில முதல்ல கேக்க வேண்டிய கேள்வியே அதுதானே?

போனதுதான் போனோம்னு டேப் எடுத்து அளந்தேன். போட்டோவுல கல்யாண மண்டபம் மாதிரி தெரிஞ்ச பெட்ரூம் ஒன்பதுக்குப் பத்து. இப்போ நிறைய ஃபோன்ல அகலமா எடுக்கற லென்ஸ் இருக்கு, மூலையில நின்னு எடுத்தா குருவிக்கூடும் அரண்மனைதான். எங்க கட்டிலைப் போட்டா பீரோ கதவு பாதிதான் திறக்கும். 950 சதுரடிங்கறது மாடிப்படி, வராண்டா, பொதுச்சுவர் எல்லாத்துலயும் பங்கு போட்டுச் சேர்த்த கணக்கு. உள்ள அளந்தா 700 கூட தேறல. புதுசா வீடு விக்கறவங்க சுவருக்குள்ள புழங்கற அளவைத்தான், அதாவது கார்ப்பெட் ஏரியாவைத்தான் சொல்லணும்னு 2016ல வந்த ரெரா சட்டம் இருக்கு. வாடகை விளம்பரத்துல அதை யார் பார்க்கறா?

பாத்ரூம் குழாய் மூக்குல வெள்ளையா உப்பு பூத்திருந்துச்சு. கை கழுவினேன், சோப்பு நுரைக்கவே இல்ல. இது எந்த போட்டோவுல தெரியும்? 2019 கோடையில ஏரியெல்லாம் வறண்டு, லாரிக்காக விடியக்காலம் குடத்தோட நின்னவ நான். வீடு பார்க்கப் போனா கிச்சனுக்கு முன்னாடி சம்ப் மூடியைத்தான் திறக்கச் சொல்லுவேன்.

நேர்ல போறதுல கசப்பும் உண்டு, அதையும் சொல்லிடறேன். எங்க ஆபீஸ்ல கூட வேலை செய்யற முஸ்லிம் பொண்ணு ஒருத்தி. வாசல் வரைக்கும் போய், பேரைச் சொன்னதும் "இப்பத்தான் ஒருத்தருக்குப் பேசி முடிச்சோம்"னு கேட்டுக் கேட்டு அவளுக்கு அலுத்துப் போச்சு. அவகிட்டப் போய் "நேர்ல பாரு"ன்னு நான் வகுப்பெடுக்க முடியாது.

வெளியூர்ல இருக்கறவங்க என்ன பண்றது? வீடியோ கால் போடச் சொல்லுங்க, ஆனா தெருமுனையிலேர்ந்து நடந்து வரணும், நடுவுல கட் பண்ணக் கூடாது. குழாயைத் திறக்கச் சொல்லுங்க, பீரோவுக்குப் பின்னாடி இருக்கற சுவரைக் காட்டச் சொல்லுங்க, ஓதம் இருந்தா அங்கதான் இருக்கும். "நான் மிலிட்டரியில இருக்கேன், நேர்ல காட்ட முடியாது, க்யூஆர் கோடு அனுப்பறேன், யூபிஐ பின் நம்பர் போடுங்க, அட்வான்ஸ் திரும்பி வரும்"னு எவனாவது சொன்னா உடனே ஃபோனை வெச்சிடுங்க. நம்ம கணக்குக்குப் பணம் வர யூபிஐ பின் நம்பரே தேவையில்ல.

அந்த வீட்டை விட்டுட்டோம். வர்ற வழியில இவர் ஒண்ணும் பேசல. ராத்திரி சாப்பிடும்போது, "அந்த ஓட்டை உன் கண்ணுல எப்படிப் பட்டுச்சு?"ன்னு மட்டும் கேட்டார்.

இந்த ஞாயிறு சேலையூர்ல ரெண்டு, ராஜகீழ்ப்பாக்கத்துல ஒண்ணு பார்க்கப் போறோம். டேப் இப்போ அவர் பையில இருக்கு. அந்தப் பக்கம் குடியிருக்கறவங்க யாராவது இருந்தா, போர் தண்ணி உப்பா, மிக்ஜாம் அன்னிக்கு உங்க தெருவுல எதுவரைக்கும் நின்னுச்சுன்னு கமெண்ட்ல சொல்லுங்க.