தேறுறது வேற, குணமாகுறது வேற

அந்த வீடியோ இந்நேரம் உங்களில் பாதிப் பேருக்கு வந்து சேர்ந்திருக்கும். பிள்ளையார் நோன்பன்று எங்கள் வீட்டு வளவில், நடு முற்றத்தில் எடுத்தது. பேத்தி நின்றுகொண்டு சிரிக்கிறாள். கீழே, "பிள்ளையார் அருளால் பூரண குணம், எழுந்து நின்றாள் குழந்தை" என்று போட்டிருக்கிறது. எடுத்தவர் எங்களுக்கு உறவு, பெயர் சொல்லப் போவதில்லை. மூன்று நாளாக என் போன் ஓயவில்லை.

பாப்பா எழுந்து நிற்கவில்லை. நாங்கள் நிற்க வைத்திருந்தோம். ஸ்டாண்டிங் ஃபிரேம் என்று, தாங்கி நிற்க வைக்கிற சட்டம். அதில் முழங்காலுக்கு ஒன்று, இடுப்புக்கு ஒன்று, நெஞ்சுக்கு ஒன்று என்று மூன்று பெல்ட் போட்டு நிற்க வைப்போம். நெஞ்சுப் பெல்ட்டைப் புதுச்சட்டை மறைத்துவிட்டது. மற்ற இரண்டும் படத்தில் விழவில்லை.

அவளுக்கு இருப்பது எஸ்.எம்.ஏ, முதுகெலும்புத் தசைநார் சிதைவு. அதில் இரண்டாம் வகை: உட்கார வரும், தானாக நிற்க வராது. "16 கோடி ஊசி" என்று பேப்பரில் படித்தீர்களே, அதே நோய். தசையை ஆட்டி வைக்கிற நரம்பு செல்லுக்கு வேண்டிய புரதம் அவள் உடம்பில் போதுமான அளவு ஊறாது. தினம் சாயங்காலம் 4 மில்லி ரிஸ்டிப்ளாம் சிரப் கொடுக்கிறோம். அது அந்தப் புரதத்தைக் கூட்டித் தரும், போன நரம்பைத் திருப்பித் தராது. மிச்சம் இருப்பதை வைத்து எவ்வளவு தூரம் போகலாம் என்று பார்ப்பதுதான் தெரபி என்கிற பயிற்சி. பாப்பா தேறுகிறாள். பாப்பாவுக்குக் குணமாகவில்லை. இரண்டும் நிஜம்.

தேறுவது எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். வளவுத் தூணில் சாய்த்து, ஆத்தங்குடிக் கல் மேல் உட்கார வைப்போம். எதிரே என் அப்பத்தா காலத்துப் பல்லாங்குழி. முதலில் மடியிலேயே வைத்துப் புளியங்கொட்டை போடச் சொன்னோம். பிறகு, கை மேலே வரப் பழக வேண்டும் என்று தெரபிஸ்ட் சொல்ல, பலகைக்கு அடியில் ஒரு செங்கல் வைத்தோம். ஒரு கொட்டையை எடுத்து மேலே கொண்டு போகையில் வலது முழங்கைக்கு இடது கையால் முட்டுக் கொடுப்பாள். யாரும் சொல்லித் தரவில்லை, அவளாகக் கண்டுபிடித்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு, குழிக்கு மேலே போனதும் விரலை ஒவ்வொன்றாகப் பிரிப்பாள். ஒரு செங்கல் இரண்டு செங்கலாக ஏழு மாதம் ஆயிற்று. அன்றைக்கு என் மகள் அடுப்படிக்குள் போய் நின்று அழுதாள். அதை யாரும் வீடியோ எடுக்கவில்லை.

ஐப்பசி அடைமழையில் சளி பிடித்தது. உங்கள் வீட்டுப் பிள்ளைக்குச் சளி என்றால் மூன்று நாள் கஷாயம். இவளுக்கு விலாத் தசையில் பலம் இல்லாததால் இருமி வெளியே தள்ள வராது. கையைக் குவித்து முதுகில் தட்டித் தட்டித்தான் எடுக்க வேண்டும். ஒன்பது நாள் மதுரையில் ஆஸ்பத்திரி. வீட்டுக்கு வந்தபோது ஒரு செங்கலுக்குக்கூடக் கை ஏறவில்லை. திரும்ப மடியிலிருந்து ஆரம்பித்தோம். நாளைக்கு இன்னொரு சளி வந்து அவள் ஃபிரேமில்கூட நிற்க முடியாமல் போனால், "குணமான பிள்ளைக்கு என்ன ஆச்சு, ஒழுங்கா பார்க்கலையா?" என்று கேட்கப் போவது இதே வாய்கள்தான். அந்தக் கேள்விக்கு என் மகள் பதில் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டுமா?

நல்ல எண்ணத்தில் போட்டதுதானே என்பீர்கள். இருக்கட்டும். பிள்ளையைப் பெற்றவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

ஆயாவுக்கு, அதாவது எனக்கு, சாமி நம்பிக்கை போய்விட்டது என்றும் ஒருவர் எழுதியிருக்கிறார். அதுதான் தாங்கவில்லை. நாற்பது வருஷமாக 21 நாள் விரதம் இருந்து, நூல் திரியை மாவில் வைத்து ஏற்றி இழை எடுக்கிறவள் நான். காரைக்குடி கொப்புடையம்மன் வாசலில் நான் நின்று அழுத வெள்ளிக்கிழமைகள் அந்த ஆத்தாவுக்குத் தெரியும். அன்றைக்கும் பாப்பாவுக்கு இழை மாவை நாக்கில் தொட்டு மட்டும் வைத்தோம், விழுங்குவதில் கவனம் வேண்டும் என்பதால். பிள்ளையாரை நம்பித்தான் அந்தப் பிள்ளையை ஃபிரேமில் ஏற்றுகிறோம். அதற்காக அவள் நாலு வயதில் பட்ட பாட்டை அழித்துவிட்டு எல்லாம் ஒரே நாளில் நடந்தது என்று எழுதினால், அது சாமிக்கு மரியாதையா? அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு கை தூக்கியதையும் அவர்தானே பார்த்துக்கொண்டிருந்தார்?

இன்னொன்று. அந்த வீடியோவுக்குக் கீழே, "தாய் வழியில் வந்த தோஷம் தீர்ந்தது" என்று ஒரு ஆச்சி எழுதியிருக்கிறார். ஆச்சி, இந்த நோய் வர பெற்ற அப்பச்சியிடமிருந்து ஒன்று, பெற்ற ஆத்தாவிடமிருந்து ஒன்று, இரண்டு பக்கமும் குறையுள்ள மரபணு வர வேண்டும். என் மகளும் மாப்பிள்ளையும் ஒரே நாளில் ரத்தம் கொடுத்து, இரண்டு பேருக்கும் ஒரே பதில் வந்தது. சுமார் 50 பேரில் ஒருவரிடம் அது சத்தமில்லாமல் இருக்கிறதாம். எனக்கும் இருக்கலாம், உங்களுக்கும் இருக்கலாம். என் மகள் வருஷக்கணக்காக ராத்திரியில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து பிள்ளையைப் புரட்டிப் படுக்க வைக்கிறாள், தானாகப் புரள வராது என்பதால். அவளைப் போய்த் தோஷம் என்கிறீர்கள்.

இத்தனையையும் பொறுத்துக்கொண்டு சும்மா இருந்திருப்பேன். நேற்று ராத்திரி தேவகோட்டைப் பக்கமிருந்து ஒரு பெண் கூப்பிட்டது. குரலைக் கேட்டால் இருபத்தைந்து வயது இருக்கும். அவளுடைய பையனுக்கும் இதே நோய், பதினாறு மாதம். "ஆச்சி, எந்தக் கோயில், என்ன எண்ணெய் தேய்ச்சீங்க, சொல்லுங்க. மதுரைக்கு வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்காக, போகாம இருந்துரலாமான்னு பார்க்குறோம்" என்றாள். எனக்குக் கை நடுங்கியது. போகாமல் இருக்கிற ஒவ்வொரு மாதமும் அந்தப் பையனுக்கு நரம்பு போய்க்கொண்டிருக்கும். அது திரும்பி வராது. முக்கால் மணி நேரம் பேசினேன். ஆறு லட்சத்தை ஒட்டி விற்ற சிரப் பாட்டில், 2025 அக்டோபரில், மருந்தின் காப்புரிமை பற்றிய கோர்ட் தீர்ப்புக்குப் பிறகு, உள்நாட்டுத் தயாரிப்பாக 15,900 ரூபாய்க்கு வந்திருக்கிறது என்றேன். அது அவளுக்குத் தெரியவே இல்லை. வீடியோ மட்டும் நாலு குரூப்பிலிருந்து வந்திருக்கிறது.

வீடியோவை இன்றைக்கே அழித்துவிடுங்கள். அனுப்பினவர்களிடமும் அழிக்கச் சொல்லுங்கள்.

வியாழக்கிழமை நாங்களும் மதுரைக்குப் போகிறோம். காலை ஐந்தரைக்குத் தேவகோட்டை வந்து, அவளையும் பையனையும் ஏற்றிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறேன்.